தேவகிருபை சொல்லாத சாட்சி

சர்க்கரை நோயில் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் தேவகிருபை ஜெபிக்கத் தொடங்கினாள். அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் சினிமாவில் ஜனங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

ராஜபாளையத்து மில் தொழிலாளியின் மகள். சின்ன வயதிலிருந்தே பருத்த உடம்பு. அந்த உடம்புதான் அவளுக்குச் சோறு போட்டது. ஒரு படத்தில் அவள் குறுகலான சந்துக்குள் நடந்து வருவாள். கூட நடித்தவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "தண்ணி லாரி வருது, ஒதுங்குங்கடோய்!" என்று கத்துவார். அவள் கன்னத்தை உப்ப வைத்து "பாம்... பாம்" என்று ஹாரன் அடித்தபடியே போவாள். தமிழ்நாடே சிரித்தது. அதன் பிறகு எழுபது படங்களுக்கு மேல் நடித்துவிட்டாள். ஆனாலும் பெயர் தண்ணி லாரிதான்.

விரல்கள் போனதும் வாய்ப்பும் போயிற்று. ராஜபாளையத்துக்கே திரும்பி, தம்பி பெனின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். ஆண்டவர் தன்னைக் காப்பாற்றிய கதையைச் சாட்சியாகச் சொல்லச் சபைகளில் கூப்பிட்டார்கள். மூன்று வருஷமாக ஊர் ஊராகப் போய்ச் சொன்னாள். முதலில் ஹாரன் அடிப்பாள். சபை குலுங்கிச் சிரிக்கும். பிறகு மெல்ல ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வருவாள். எந்த இடத்தில் குரலை இறக்கினால் பெண்கள் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் ராஜபாளையத்தில் அப்படித்தான் நடந்தது. கூட்டம் முடிந்ததும் செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. கடைசியாக ஒரு பெண் வந்தாள். சேலைக்கு மேல் மில் சட்டை போட்டிருந்தாள்.

"ஃபோட்டோ வேண்டாம்க்கா. எம் பேரு கருத்தம்மா. ஒங்க தம்பி சம்சாரம் ஜெமியும் நானும் மில்லுல ஒரே ஷிப்டு. அவதான் நீங்க பேசுதீங்கன்னு கூட்டிட்டு வந்தா."

"சொல்லும்மா. எதுக்கு ஜெபிக்கணும்?"

"ஜெபிக்க வேண்டாம். எம் மக முனீஸ்வரி. பத்தாவது படிச்சா. கொஞ்சம் சதப்பிடிப்பா இருப்பா. பஸ்ல ஏறுனா பயலுவ பாம் பாம்னு சத்தங் குடுப்பானுவ. பள்ளிக்கூடத்துலயும் அதே பேருதான். சாப்பாட்ட விட்டுட்டா. தட்டுல வச்சத நாய்க்குப் போட்டுருக்கா, எங்களுக்குத் தெரியல. ஏழு மாசம். ஒரு நா காலையில பள்ளிக்கூடத்து வாசல்ல விழுந்தா. எந்திரிக்கல."

தேவகிருபை நீட்டிய கையைக் கருத்தம்மா பிடிக்கவில்லை.

"போன ஆடியோட ரெண்டு வருசம். அந்தச் சத்தம் படத்தோட முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன். சாமி கும்புடுற எடத்துலயுமா குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

ஜெமியிடம் கேட்டதில், மகள் போன பிறகு அவர்கள் மகாராஜபுரத்தை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. மறுநாள் காலையிலேயே தேவகிருபை பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்கு மனசுக்குள் வார்த்தைகள் தானாகக் கூடி வந்தன. 'அன்றைக்கு ஒரு தாய் என் முன்னால் வந்து நின்றாள்...' எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரல் உடைய வேண்டும் என்பது வரை வந்த பிறகுதான் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது.

கதவைத் திறந்தவர் கருத்தம்மாவின் புருஷன் மாரிச்சாமி. அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "அட, நம்ம தண்ணி..." என்று சிரித்தவர் பாதியில் நின்றார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கருத்தம்மா உள்ளேயிருந்து வந்தாள். புருஷனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவியளும் மகள அப்படித்தான் கூப்பிடுவாவ. செல்லமாத்தான். நானும் சிரிச்சிருக்கேன். அவளும் கூடச் சேந்து சிரிச்சா. அதான் ஒண்ணும் தெரியாமப் போச்சு."

"என்னைய மன்னிச்சிரும்மா," என்றாள் தேவகிருபை.

"மன்னிச்சேன்னு சொன்னா, அதையும் மேடையில சொல்லுவீங்களாக்கா?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "பஸ்ல வரும்போது அதத்தான் யோசிச்சிட்டு வந்தேன்."

கருத்தம்மா கேட்டாள்: "அம்புட்டுப் பேரு சிரிச்சாவளே, உங்களுக்கு வலிக்கலையா?"

பேட்டிகளில் இதே கேள்விக்கு 'எல்லாம் பழகிப்போச்சு' என்று கண்ணடிப்பாள். இன்றைக்கு அது வரவில்லை.

"வலிச்சுது. அந்த சீனை பதினொரு தடவ எடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் லைட்டு புடிக்கிறவங்க வரைக்கும் சிரிச்சாங்க. மத்தியானம் வேன் பின்னால போய் தின்னதை எல்லாம் வாந்தி எடுத்தேன். அதுக்குப் பொறவுதான்..." நிறுத்தினாள். நடிப்பில் நிறுத்துவது போல அல்ல. "அந்த பாம் பாம் டைரக்டர் சொன்னதில்ல. நானாச் சேத்தது. அவங்க சிரிக்க முந்தி நாமளே சிரிச்சிட்டா வலி தெரியாதுன்னு நெனச்சேன். ஒம் மக தலையில போய் விடியும்னு தெரியலம்மா."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை.

கருத்தம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஷிப்டுக்கு நேரமாச்சு," என்று டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு புருஷனைத் தாண்டி வெளியே போனாள்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜெபக்கூட்டம். முன்பே ஒப்புக்கொண்டது. அவள் மேடையேறியதும் பின்வரிசையில் ஒருவன் ஹாரன் அடித்தான். கூடம் முழுக்கச் சிரிப்பு. "அந்தச் சத்தம் வேண்டாம்," என்றாள் தேவகிருபை. "அத உண்டாக்குனது நாந்தான். தப்பு. யாரையும் அப்படிக் கூப்பிடாதீங்க." சிரிப்பு கூடியது. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, திடீரென்று ஹாரன் அடித்துத் தொடங்குவதுதான் அவளுடைய பாணி. ஜனங்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். அவள் சும்மா நின்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு இருமல்கள். அப்புறம் முணுமுணுப்பு.

கீழே இறங்கினாள். பாஸ்டர் ஆஸ்டின் ஓடி வந்தார். "அக்கா, ஜனங்க எம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காவ. நாலு வார்த்தை சாட்சி சொல்லுங்க."

"இப்ப எங்கிட்டச் சாட்சி இல்ல பாஸ்டர்."

அதோடு அழைப்புகள் நின்றன. மேடைகளில் ஆற்றொழுக்காக ஜெபித்தவளுக்கு மாடி அறையில் தனியாக முழங்கால் போட்டால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. வராமலே தினமும் உட்கார்ந்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள் மாரிச்சாமி மாடிப்படி ஏறி வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டி நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வீட்டில் கருத்தம்மா முன்னால் அழ முடியவில்லை என்றார். தேவகிருபை வசனம் சொல்லவில்லை. ஜெபிக்கலாமா என்று கேட்கவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"வாரேன்க்கா," என்று எழுந்தார் மாரிச்சாமி. "கருத்தம்மாவுக்கு நான் வந்தது தெரியாது."

அடுத்த மாதமும் வந்தார்.