அடங்கிய காற்று

சூரியனிலிருந்து ஒரு காற்று எல்லாத் திசையிலும் ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கிறது. பூமிக்கு அது வந்து சேருமுன், வழியில் நிற்கும் செயற்கைக்கோள் அதன் வேகத்தை அளந்து சொல்லிவிடும். அதைப் பார்த்து எச்சரிக்கை விடுவது அக்காவின் வேலை. அம்மாவுக்கு அது பெருமை, தம்பிக்குக் கேலி. "எங்கக்கா காத்து வாங்கியே சம்பளம் வாங்குறா" என்பான். அவன் துணைமின் நிலையத்தில் ஃபிட்டர். சூரியக் காற்று புயலாக வந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் கம்பியில் தாறுமாறாக மின்சாரம் பாயும். அப்போது யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

அன்று எச்சரிக்கை இருந்ததால் அவன் வேலை நின்றிருந்தது. மதியம் அக்காவின் திரையில் வேகம் மளமளவென்று இறங்கியது. அப்பாடா என்று சாய்ந்தாள். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் போன்.

"என்னக்கா, உன் புயல் வருமா வராதா? எவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருக்கிறது?"

"அடங்கிடுச்சுடா. நீ ஆரம்பி."

எச்சரிக்கையை இன்னும் யாரும் விலக்கவில்லை. தம்பிதானே என்று வாயை விட்டுவிட்டாள்.

காற்று அடங்கவே இல்லை. புயலுக்கு முன்னால் பாய்ந்து வந்த துகள்கள் வேகத்தை அளக்கும் கருவியைக் குருடாக்கியிருந்தன. அப்போது அது வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும், காற்றோடு வரும் காந்தப்புலத்தைக் காட்டும் காந்தமானியையும் பார்த்தாக வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லித் தருவது இதைத்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது காந்தமானி தலைகால் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. விடாமல் போன் அடித்தாள். வேலையில் இறங்குகிறவன் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவன் எடுக்கவில்லை.

எர்த் கம்பியைக் கழற்றிய இடத்திலேயே விழுந்து கிடந்தானாம்.

வீட்டுக் கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். அவனுடைய சூப்பர்வைசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எச்சரிக்கை இருக்கும்போதே கை வெச்சிட்டாம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல."

அம்மா அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்னிக்கு யார் பேச்சக் கேட்டான் இவன்? நீ படிச்சுப் படிச்சு சொல்லியிருப்பியே. சொன்னியா இல்லையாடி?"

உண்மை தொண்டை வரை வந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பயமாக இருந்தது.

"சொன்னேம்மா. கேக்கல."

அம்மா மகன் பக்கம் திரும்பி, அவனைத் திட்டத் தொடங்கினாள்.