கோடு விழாத முகம்

எலிசபெத் டீச்சருக்கு மருமகளாக வரும் ஸ்வீட்லினின் நிறம் பிடிக்கவில்லை என்பது பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கும் தெரியட்டும் என்றோ என்னவோ, கல்யாண மண்டபத்தில் கணினி மேசைக்கு வந்து உரக்கவே சொன்னாள்.

“ஏட்டி, அந்தப் புள்ள திரையில கரிக்கட்டையாட்டம் தெரியுது. மேடைக்கு வாரதுக்குள்ள வெளுப்பாக்கு.”

தேவாலயத்தில் தாலி கட்டி முடிந்து, மணப்பெண் வெள்ளைச்சேலை மாற்றிப் பட்டுக் கட்ட உள்ளே போயிருந்த நேரம் அது. மேசையில் இருந்தவள் ரீபா. கேமரா பிடிக்கும் காட்சியை அந்தக் கணமே பேனாச் சித்திரமாக மாற்றித் திரையில் ஓடவிடும் மென்பொருள் அவள் எழுதியது. இரண்டு வருட உழைப்பு. நிழலில் கோடுகள் நெருங்கும், வெளிச்சத்தில் விலகும். வெளிச்சம் மிஞ்சினால் கோடே விழாது, வெறும் தாள்தான். சோதித்ததெல்லாம் தன் முகத்தை வைத்துத்தான். அவளும் கருப்பு. அதனால் ஸ்வீட்லின் மண்டபத்துக்குள் நுழைந்தபோது அவள் முகம் அச்சாக வந்தது, கன்னக்குழி உட்பட.

“டீச்சர், அவங்க மொகம் அழகாத்தான் வருது. வெளுப்பாக்குனா கோடு போயிரும். மூக்கு முழி ஒண்ணும் இருக்காது.”

“ஒன் மொகத்த மாதிரியே இருக்குல்லா, ஒனக்கு அழகாத்தான் தெரியும்.”

ரீபாவுக்குச் சுருக்கென்றது. அதற்குள் ஸ்டுடியோ முதலாளி கிங்ஸ்லி ஓடிவந்தார். என்ன ஏதென்று கேட்கக்கூட இல்லை. “டீச்சர் சொன்னதச் செய்யி. இல்லன்னா எந்திச்சுப் போ. நான் வேற ஆளப் போட்டுக்கிடுதேன்.”

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எரிச்சல் தலைக்கேறியிருந்தது. கேட்டதைக் கேட்டபடியே கொடுப்போம், ஊர் முன்னால் இந்தக் கிழவியின் மூக்கு உடையட்டும் என்று முடிவு கட்டினாள். மணப்பெண்ணின் முகத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்தாள்.

ஸ்வீட்லின் மேடையேறினாள். திரையில் சேலைச் சரிகை இழை இழையாக வந்தது. மல்லிகைப் பூ வந்தது. மாப்பிள்ளையின் மீசை வந்தது. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள்.

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு மண்டபமே சிரித்தது. டீச்சர் அவமானப்படுவதைப் பார்க்க ரீபா ஆசையோடு திரும்பினாள். டீச்சரும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரீபா பதறிப்போய் வெளிச்சத்தைக் குறைப்பதற்குள் ஸ்வீட்லின் மேடையிறங்கி நேரே மேசைக்கே வந்துவிட்டாள்.

“அக்கா, யாரு இப்படிச் செய்யச் சொன்னது?”

“ஒங்க மாமியார்தான். மொகம் போயிரும்னு நான் அப்பவே சொன்னேன்.”

“போயிரும்னு ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

ஸ்வீட்லின் மாமியார் பக்கம் திரும்பக்கூட இல்லை. “அவங்க கொணம் நிச்சயத்தன்னைக்கே எனக்குத் தெரியும். அவங்க நெனச்சாலும் இதச் செய்யத் தெரியாதுக்கா. நீங்கதான் செஞ்சீங்க.”

ரீபா வெளிச்சத்தைக் குறைக்கக் கை நீட்டினாள்.

“திரைய அணைச்சிருங்க” என்றாள் ஸ்வீட்லின்.

ரீபா அணைத்தாள்.