மந்திரி வழியில் ஓர் ஐந்தாம் வகுப்பு

டீச்சர் வேலை என்றால் பாடம் சொல்லித்தருவது என்று நினைத்துத்தான் நானும் டிரெயினிங் முடித்தேன். திருவொற்றியூருக்கு வடக்கே, கடலோரக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, பாடம் என்பது மற்ற வேலையெல்லாம் ஒழிந்த நேரத்தில் செய்வது என்று. ஜனத்தொகை எடுக்க வேண்டுமா, கூப்பிடு டீச்சரை. ஓட்டர் பட்டியலா, டீச்சர். அம்மை குத்துகிறவன் வந்தால் அவனை வீடு வீடாக அழைத்துப் போய், அவனுக்கு விழவேண்டிய வசவையும் சேர்த்து வாங்கிக்கொள்ளவும் டீச்சர்தான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் பக்கத்தில் அந்த ஆண்டிக்கு தேவப்பிரியம் என்று பெயர். நான்தான்.

ஒரே கூரை, நான்கு வகுப்புகள், நான் ஒருத்தி. நான்காவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். பையன்கள் அதற்கு மேல் திருவொற்றியூர் ஊருக்குள் நடந்துபோய்ப் படிக்கலாம். பெண்பிள்ளைகளை அவ்வளவு தூரம் யாரும் அனுப்பமாட்டார்கள். நான்காவது முடிந்த மறுவாரமே அவர்கள் தலையில் மீன்கூடை ஏறிவிடும்.

அந்த வருஷம் முத்தம்மா நான்காவதில் இருந்தாள். உப்பு மடித்து வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற பெண். அவளுடைய அம்மா மங்கம்மாவிடம் நான் பலமுறை கெஞ்சியிருக்கிறேன்.

"ஊருக்குள்ளல்லாம் அனுப்பமாட்டேன் டீச்சரம்மா. இங்கியே அஞ்சாங்கிளாஸு வெச்சீன்னா அனுப்பறேன்" என்று அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

ஐந்தாம் வகுப்பு கேட்டு மனு போட்டேன். அது கல்வி இன்ஸ்பெக்டர் சுப்புராயன் மேஜையில் படுத்துக்கொண்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பள்ளிக்கூடம் விட்டு பஸ் பிடித்துப் போய் அவர் ஆபீஸ் வாசலில் நான் நின்றதற்குக் கணக்கே இல்லை.

கோடைக்கு முன்னால் ஒருநாள் அவரே ஜீப்பில் வந்து இறங்கினார். எண்ணூர்ப் பக்கம் ஒரு புதுத் தொழிற்சாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்ட மந்திரி வருகிறாராம். எங்கள் கடற்கரைச் சாலை வழியாகப் போவாராம். பிள்ளைகள் சாலையின் கடல் பக்கத்தில் வரிசையாக நின்று கொடி ஆட்டவேண்டும். மந்திரி சமாதானப் பிரியர் என்பதால் கொடி வெள்ளையாக இருக்கவேண்டும். காகிதம் காற்றில் கிழியும் என்பதால் துணியாக இருக்கவேண்டும். துணியைப் பள்ளிக்கூடம் கொடுக்கவேண்டும். பள்ளிக்கூடம் என்றால் அது யாரென்று சொல்லத் தேவையில்லை. என் வெள்ளைச் சேலை இரண்டைக் கிழித்தேன்.

மறுநாள் பிள்ளைகள் துணியைக் குச்சியில் கட்டிக்கொண்டிருந்தபோது முத்தம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், கரையில நின்னுகினு இத்த ஆட்டக் கூடாது. கடல்ல கீறவங்க பார்த்தா மரத்தைத் திருப்பிகினு வந்துருவாங்க."

கட்டுமரத்தைத்தான் அவர்கள் மரம் என்பார்கள். விசாரித்தேன். ஆண்கள் கடலில் இருக்கும்போது குப்பத்தில் சாவு விழுந்தாலோ தீப்பிடித்தாலோ, கரையில் நின்று வெள்ளைத் துணியை வீசிக் காட்டுவார்களாம். பார்த்தவன் வலையை அறுத்துவிட்டாவது கரைக்கு வந்துவிட வேண்டும். பரம்பரையாக வந்த கட்டுப்பாடு.

அன்று சாயங்காலமே இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு ஓடினேன். பிள்ளைகளைச் சாலையின் மறுபக்கம் நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் துணியைச் சாயத்திலாவது தோய்த்துவிடுகிறேன் என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மீன் பிடிக்கிறவன் பார்க்கிறதுக்காகவா அம்மா கொடி பிடிக்கிறோம்? மேலே சொன்னபடி செய்யுங்க. உங்க ஐந்தாம் வகுப்பு ஃபைலை இப்பத்தான் கையிலே எடுத்தேன். எடுத்த கையாலேயே கீழே வைக்கச் சொல்றீங்களா?"

வாயை மூடிக்கொண்டு வந்தேன். உள்ளே கொதித்தது. ஆனால் முத்தம்மாவின் படிப்பு அந்த ஆள் கையில் இருந்தது.

என்னால் முடிந்தது ஒன்றுதான். குப்பத்துப் பெரியதனக்காரர் தண்டபாணியிடம் போய், நாளைக்குத் துணி ஆட்டுவது மந்திரிக்காக, யாரும் பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டி எல்லாருக்கும் சொல்லிவைத்தார்.

காலையில் பிள்ளைகளை நிறுத்தினோம். மந்திரி வரவில்லை. வெயில் ஏறியது. சுப்புராயனுக்குச் சும்மா நிற்கப் பொறுக்கவில்லை. ஒத்திகை என்று ஆரம்பித்தார். "எல்லாரும் சேர்ந்து. இன்னும் உயரமா. மறுபடி." ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று மயங்கிச் சரிந்தது. நான் தூக்கிக்கொண்டு போய்ப் பனைமர நிழலில் கிடத்தித் தண்ணீர் கொடுத்தேன். அவர் அந்த இடைவெளியை நிரப்ப அடுத்த பிள்ளையை நகர்த்தி நிறுத்தினார். அவர் பெற்ற பிள்ளையை இப்படி வெயிலில் நிறுத்துவாரா என்று நினைத்தேன். அவர் பிள்ளைகள் கான்வென்டில் படிக்கிறார்கள்.

"மரம் திரும்புது" என்று ஒரு பையன் சொன்னான்.

கடலைப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக எல்லா மரங்களும் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. முதல் மரம் மணலில் தட்டியதும் குதித்து ஓடிவந்தவர், என்னிடம் தலையாட்டிய அதே தண்டபாணிதான்.

"யாரு செத்தது?" என்று கேட்டார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை, வரிசையில் தன் பேரனைத் தேடியது.

நான் சொல்லித்தான் இருந்தேன். ஆனால் நடுக்கடலில் இருக்கிறவன் கரையில் வெள்ளைத் துணியைப் பார்த்தால், மந்திரிக்காக இருக்கும் என்று வலை இழுத்துக்கொண்டிருப்பானா? கரையில் இருப்பது அவன் பிள்ளை அல்லவா. அவரவர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. பிறகு கோபம் வந்தது. வலைகள் கடலில் அறுபட்டுக் கிடந்தன. ஆட்கள் சாலை நெடுக நிறைந்துவிட்டார்கள்.

சுப்புராயன் என்னைக் கை காட்டினார். "எல்லாம் இந்த டீச்சர் ஏற்பாடு. என்னைக் கேட்காதீங்க."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஆட்டக் கூடாதுன்னு உங்க ஆபீசுக்கே வந்து சொன்னேனே சார். என் புடவையைக் கிழிச்சுக் கொடிக்குக் கொடுத்தது நான், பிள்ளைகளை வெயில்ல நிறுத்தினது நான், இப்ப பழியும் நானா?"

"அப்படியா? ஐந்தாம் வகுப்பை மறந்துடுங்க" என்றார் அவர். எல்லார் காதிலும் விழுந்தது.

தண்டபாணி என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா அது?"

சொன்னேன். நான்காவதோடு நின்றுபோகிற குப்பத்துப் பெண்களைப் பற்றி, மனுவைப் பற்றி, நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதைப் பற்றி. சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகைதான்.

மங்கம்மா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். "எம் பொண்ணு படிக்கறதுக்கா இந்தாளுகிட்ட கையக் கட்டிகினு நின்னே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அந்தச் சமயத்தில்தான் மந்திரியின் மோட்டார் வந்தது. சாலை அடைத்திருந்ததால் நின்றது. உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தண்டபாணி ஜன்னலருகே போனார்.

"எங்க வலைங்கோ போச்சு சாமி. அத்த நாங்க பார்த்துக்கறோம். எங்க பொண்ணுங்களுக்கு அஞ்சாங்கிளாஸு வோணும். அது இந்த ஐயாகிட்ட மாட்டிகினு கீது."

கலாட்டா என்று பயந்திருந்த மந்திரிக்கு முகம் தெளிந்தது. இவ்வளவுதானா, செய்துவிடலாம் என்றார். சுப்புராயன் குனிந்து கைகூப்பி, "உத்தரவு போடத்தான் இருந்தேன், ஃபைல் கையிலேயே இருக்குங்க" என்றார். கூச்சமே இல்லாமல் சொன்னார்.

உத்தரவு வந்தது. ஐந்தாம் வகுப்பு ஒன்றும், ஆசிரியர் ஒருவரும். கூடவே எனக்கும் ஓர் உத்தரவு. மந்திரியின் வழியில் ஜனங்களைத் தூண்டிவிட்டதற்காக, தேவப்பிரியத்தை எண்ணூருக்கு அப்பால் உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தண்டபாணி பத்துப் பேரோடு போய் ஆபீசில் கேட்டுப் பார்த்தார். அது இலாகா விஷயம் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள்.

முத்தம்மா ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டாள். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷந்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவளுக்கு முதல் பாடத்தை வேறொருவர் நடத்தினார் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது. அதையும் ஏன் மறைக்கவேண்டும்?

ஜூன் மாதம் எனக்கு ஒரு சர்க்குலர் வந்தது. குப்பத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புத் திறப்பு விழா. அதைப் பாடுபட்டுக் கொண்டுவந்த இன்ஸ்பெக்டர் சுப்புராயன் அவர்களுக்குப் பாராட்டு. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் தத்தம் பிள்ளைகளை அழைத்துவந்து, சாலையில் வரிசையாக நிறுத்திக் கைதட்ட வைக்கவேண்டியது.

அன்று எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் இருக்கிறது, அனுப்ப இயலாது என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். விழாவன்று காலையிலிருந்து மாலைவரை பாடம் நடத்தவும் செய்தேன்.

பாடம் நடத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது.