பத்து நிமிட மூக்கு

அண்ணன் தன் தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆயிற்று. "மூக்கு" என்றுதான் கூப்பிடுவார். தெருவில் பாதிப் பேருக்கு அவளுக்கு வேறு பெயர் உண்டென்பதே தெரியாது. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவள் பிழைப்பே மூக்குதான்.

அண்ணன் தன் வீட்டு நிலவறையில் ஆப்பிள் ஒயின் போடுகிறவர். பதினாலு பீப்பாய்கள். சுவர் முழுக்கப் பூஞ்சணம். வெள்ளை வெளேரென்று, தொட்டால் விரல் புதைகிற அளவுக்கு மெத்தென்றிருக்கும். சுவரில் இருக்கும்வரை அது பரம சாது. பீப்பாய் மரத்துக்குள்ளோ தக்கைக்குள்ளோ புகுந்ததோ, தொலைந்தது. அத்தனை ஒயினும் நனைந்த செய்தித்தாள் வாடை அடிக்கும். குடித்தவன் சாக மாட்டான். ஆனால் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பகலெல்லாம் பூஞ்சணத்தோடு கிடக்கிறவனுக்குப் பூஞ்சண வாடை தெரியாது. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இந்தத் தொழிலில் பழகப் பழகப் புளித்தது கூடத் தெரியாமல் போகும். அண்ணனின் மூக்கு என்றோ மரத்துவிட்டது. அதனால்தான் அடுத்த தெருவிலிருந்து தங்கை வருகிறாள். காலை எட்டு மணிக்கு இறங்குவாள். ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் ஒரு வாய் கோப்பையில் பிடித்து மோந்து, சரி, சரியில்லை என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவாள். பத்தே நிமிடம். பதினோராவது நிமிடம் நின்றால் அவள் மூக்கும் பழகிவிடும் என்பது இருவரும் பேசி வைத்த சட்டம். படியின் உச்சியில் அதற்கென்றே ஒரு சாவி கொடுக்கும் கடிகாரம் மாட்டியிருந்தது.

இருபது வருஷம். ஒரே வேலையில் இருந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அதிலும் பாதி நேரம் அவள் மூக்கு கோப்பைக்குள் இருக்கும்.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் போனது, போகிற போக்கில் மூக்கையும் கையோடு கொண்டுபோயிற்று. காபி வெறும் சுடுதண்ணீர் ஆயிற்று. சோப்பு கல்லாயிற்று. வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார். வாசனை கனவில் மட்டும் வந்தது. விடியற்காலையில் யாரோ தலைமாட்டில் ஆப்பிளை நறுக்குகிறாற்போல் இருக்கும். கண்ணைத் திறந்தால் காற்று வெறுமையாக இருக்கும். அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டு தேடுவாள்.

அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் வேறு ஆள் பார்ப்பார். பார்க்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் படியில் இறங்க அவளுக்கு என்ன வேலை? ஆகவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். கோப்பையைச் சுழற்றினாள், புருவத்தை நெரித்தாள், "சரி" என்றாள்.

காக்க மூக்கு இல்லாததால் அவசரமும் இல்லாமல் போயிற்று. ஒரு நாள் கவிழ்த்த மரப்பெட்டியில் சும்மா உட்கார்ந்தாள். மறுநாளும் உட்கார்ந்தாள். சின்ன ஜன்னல் வழியாக விழுந்த வெளிச்சம் சுவரின் வெள்ளையில் பட்டு, சுவரே மெல்ல மூச்சு விடுவதுபோல் இருந்தது. பீப்பாய்கள் தூக்கத்தில் பேசுகிற குழந்தைகள்போல 'களுக், களுக்' என்றன. அண்ணன் பல்வலியைப் பற்றிப் பேசினார். அவள் மேல்வீட்டுக்காரியின் பூனையைப் பற்றிப் பேசினாள். மேகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோமோ என்று அவளுக்குத் தோன்றும். நிமிர்ந்து பார்த்தால் கடிகார முள் நகர்ந்தமாதிரியே இருக்காது. மூக்கு போன துக்கத்துக்கு நடுவில் இப்படி ஒரு சந்தோஷமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அந்த மேகம் ஒரு ரொட்டித் துண்டில் கலைந்தது. காலையில் வெண்ணெய் தடவிப் பாதி தின்றுவிட்டு ஏதோ நினைப்பில் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் முழுக்க நீலப் பச்சையாகப் பூஞ்சணம். வாய்க்குள் இருந்ததைத் துப்பினாள். துப்பிய கையோடு ஏழாவது பீப்பாய் ஞாபகம் வந்தது. முந்தாநாள் அதைச் "சரி" என்றாள். போதாததற்கு "அருமை" என்றும் சொல்லி வைத்தாள். இன்றைக்கு அது வழக்கமாக வாங்கும் விடுதிக்காரருக்குப் போகிறது. தன் வாயில் போனது தன்னோடு. ஊரார் வாயில் போவதற்கும், அண்ணன் பெயர் கெடுவதற்கும் யார் பதில் சொல்வது?

தலைகூட வாராமல் ஓடினாள்.

அண்ணன் கீழே குழாயடியில் பாட்டில் அலசிக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"அண்ணா, ஏழாவத அனுப்பாதே. எனக்கு மூக்கு போயிடுச்சு. காய்ச்சலோட போயிடுச்சு. ரெண்டு மாசமா உங்கிட்ட பொய்தான் சொல்லிட்டிருக்கேன்."

அவர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"இருபது வருஷத்துல ஒரு நாள் பதினோராவது நிமிஷம் இங்க இருந்திருக்கியா? இதே எடத்துல நான் வழுக்கி விழுந்து கால ஒடிச்சுக்கிட்டப்பகூட, மேல் படியில நின்னுதான் ஒப்பாரி வெச்சே. அப்படிப்பட்டவ அரைமணி நேரம் உக்காந்து பூனைக் கதை சொல்றான்னா, காப்பாத்த மூக்கு இல்லன்னுதானே அர்த்தம்?"

"அப்ப ஏழாவது?"

"அதுலேர்ந்து தினம் சாயங்காலம் பீப்பாய்க்கொரு டம்ளரா மேல கொண்டுபோவேன். உங்க அண்ணி மோந்து பாப்பா. ஏழாவதுல நனைஞ்ச பேப்பர்னு மூஞ்சியச் சுளிச்சா. நேத்தே சாக்கடையில விட்டுட்டேன். பீப்பாயப் பிரிச்சு விறகுக்குப் போட்டாச்சு."

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அதன் பின்னாலேயே வந்தது.

"தெரிஞ்சும் தினம் எனக்குக் கோப்பையக் கழுவி வெச்சியா? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா நீ மேல போயிடுவே."

அதற்குமேல் அவர் அவளைப் பார்க்கவில்லை. மூலையிலிருந்து ஒரு பிரஷ்ஷை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"மத்த பதிமூணையும் வெளிப்பக்கம் தேய்க்கணும். இல்லேன்னா பூசணம் தக்கைக்கு ஏறிடும். ஒருத்தனால ஆகல. சாயங்காலம் வரைக்கும் ஆகும், பரவாயில்லையா?"

அவள் மூக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முதல் பீப்பாயின் அருகில் உட்கார்ந்தாள். பழக்க தோஷம், கண் படியின் உச்சிக்குப் போயிற்று. எட்டு மணி பத்து. தேய்த்தாள். நெடுநேரம் தேய்த்தாள். மறுபடி பார்த்தாள். எட்டு மணி பத்து.

"அண்ணா, கடிகாரம் ஓடலியே?"

"ரெண்டு மாசமா நான் சாவி குடுக்கல" என்றார் அண்ணன், பாட்டிலை அலசியபடி.