ஒரே ஒரு பயனர்

"இன்னிக்குள்ள இந்தத் தப்பு சரியாகலைன்னா நான் வேற மொழிக்குப் போயிடுவேன்" என்று பயனர் எழுதியதைப் பார்த்ததிலிருந்து அவன் விரல்கள் விசைப்பலகையில் பறந்தன. அவனே உருவாக்கிய நிரல்மொழி அது. அதில் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலரும் அவன் கைவேலைதான். உலகத்திலேயே அதைப் பயன்படுத்தும் ஒரே ஜீவன் இந்த முகம் தெரியாத ஆள். இவரும் போய்விட்டால் அந்த அறையில் அவனுக்குப் பேச்சுத்துணை மின்விசிறி மட்டும்தான்.

கம்பைலரின் பகுதிகளான மாட்யூல்களை ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று முந்தின நாள் பிரித்து வைத்ததில் வந்த வினை. இரண்டு மாட்யூல்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு, நீ முதலில் எழுந்திரு என்று அடம்பிடித்தன. இரண்டுக்கும் பொதுவானதைப் பிய்த்தெடுத்து மூன்றாவதாக ஒன்றில் வைத்தான். கம்பைலர் ஓடியது!

"சரியாயிடுச்சு சார். ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று தயங்கித் தயங்கி எழுதினான். கணினியிலேயே அழைப்பு வந்தது.

"சாராம் சாரு! அக்காடா நான். எத்தனை தடவை போன் பண்ணாலும் எடுக்கமாட்டே. தப்பு இருக்குன்னு எழுதினா மட்டும் அஞ்சு நிமிஷத்துல பதில் போடுறே. அதுக்காகத்தான்டா உன் மொழியையே கத்துக்கிட்டேன்!"