இரண்டாம் முறை அடித்த மணி

எங்கள் தெருவில் கார்க் கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே அது யார் வீட்டுக் கார் என்று சொல்லிவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்ட சத்தம் மட்டும் பிடிபடவில்லை. ஜன்னல் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். செடிக்கு அன்று அது இரண்டாவது குளியல்.

எதிர்வீட்டு சொலான்ஜ், செத்துப்போன கணவனுடைய வெள்ளைக் காரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அந்த மனுஷன் இருந்தவரை அவளை ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை. அறுபது வயதில் லைசென்ஸ் எடுத்து இரண்டே நாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் டிரைவிங் ஸ்கூல் எமெரிக். மனைவி இல்லாதவர், மீசையைக்கூட நேர்க்கோட்டில் வெட்டுகிறவர். தேர்வில் தேறிய அன்று அவளை வீட்டில் விட வந்தபோது, "ரிவர்ஸ் எடுங்க, கண்ணாடியப் பாருங்க, என்னைக் கட்டிக்கிறீங்களா, ஹேண்ட் பிரேக்" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டாராம். அவள் ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டாள். பதில் வாங்க ஞாயிறு சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டார். தெருவே காத்திருந்தது. தெரு என்றால் நான்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"தெரியல ஜினெத். வர்றியா, இல்ல அங்கயே நின்னு செடியக் கொல்லப் போறியா?"

வீட்டுச் செருப்போடு ஓடினேன்.

பாதை பிரிகிற இடத்திலெல்லாம் கார் குறைவாகப் போகிற பக்கமே திரும்பினாள். சூரியகாந்தி வயல்கள் முடிந்து மலை தொடங்கியது. முதல் வளைவில் என் கால் தானாகத் தரையை அழுத்தியது.

"நீயுமா?" என்றாள். "ஸ்கூல் கார்ல எமெரிக் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும்டி. முதல் நாள்லேருந்து அவரு கால் அதுமேலதான். நல்ல மனுஷன், இல்லேங்கல. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் அந்தக் கால எங்க வைப்பாரு?"

"அப்ப என்னதான் சொல்லப் போற?"

"ரோட்டப் பாக்க விடு."

வெர்சோலில் பாதை முடிந்துவிட்டதால் நின்றோம். அந்த ஊருக்கு நாங்கள் போனதற்கு வேறு காரணம் கிடையாது.

தெருவில் ஓர் ஆள் இல்லை. ஜன்னல் கதவுகளெல்லாம் அரைக்கண் மூடியிருந்தன. எங்கோ பூண்டு போட்டுக் கோழி வறுபடும் வாசனை. தட்டில் முள்கரண்டி படும் ஓசை. பேச்சு மட்டும் கேட்கவில்லை. என்னைப் போன்றவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன? காப்பிக்கடைக் கதவில் 'திரும்பி வருவேன்' என்று ஒரு அட்டை தொங்கியது. எப்போது என்று எழுதவில்லை.

சதுக்கத்தின் நடுவில் ஊற்றுத் தொட்டி. அதன் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீரில் கால் விட்டோம். தலைக்குமேல் லிண்டன் மரங்கள் பூத்திருந்தன. தேனீக்களின் ரீங்காரத்தைக் கேட்கக் கேட்க மரமே மூச்சு விடுவதுபோல் இருந்தது. இலை வழியே இறங்கிய வெளிச்சம் சொலான்ஜ் முகத்தில் தண்ணீராக அசைந்தது. அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி என் நாக்கு நுனியிலேயே இருந்தது, இருந்தபடியே கரைந்துபோனது.

மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. கொஞ்ச நேரம் காற்றுகூட இல்லை. பிறகு அதே மணி, மறுபடியும் பன்னிரண்டு.

"மணிக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றேன்.

மரத்தடி பெஞ்சில் யாரோ மறந்துவிட்டுப் போன கோட்டு என்று நாங்கள் நினைத்திருந்தது வாய் திறந்தது. முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துப் படுத்திருந்த ஒரு ஆள்.

"முதல்ல அடிச்சது முழிச்சிருக்கிறவங்களுக்கு, மதாம். இப்ப அடிச்சது கனவுல இருந்தவங்களுக்கு."

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் கோட்டாகிவிட்டார்.

சொலான்ஜ் சிரித்தாள், ரொம்ப நேரம். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நானும் தூங்கினேன். என் கனவில் யார் வீட்டு ஜன்னலும் இல்லை.

நாங்கள் திரும்பியபோது எமெரிக் அவள் வீட்டுக் கேட் அருகே நின்றிருந்தார். கழுத்தில் டை, கையில் ரிப்பன் கட்டிய கேக் பெட்டி. சொலான்ஜ் காரை ஓரங்கட்டினாள். பின்சக்கரம் நடைபாதைமேல் ஏறியது. குப்பைத் தொட்டி ஆடியது. எமெரிக்கின் வலதுகை, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடியுங்கள் என்று காட்ட மேலே எழும்பிவிட்டது. பாதியில் நின்றது. மெல்ல இறங்கி, கோட்டுப் பைக்குள் போய்விட்டது. அவர் முகம் வெளுத்திருந்தது.

அந்தக் கையையே பார்த்தபடி அவள் இறங்கினாள். கார் கோணலாகவே நின்றது.

"அன்னிக்கு நீங்க கேட்டது காதுல சரியா விழல, எமெரிக். இன்னொரு தடவை கேளுங்க. ஹேண்ட் பிரேக் இல்லாம."

அவர் கேட்டார். ரகசியம்போல, அவ்வளவு மெல்லக் கேட்டார். செருப்பைத் தேடுகிற மாதிரி காருக்குள்ளேயே குனிந்திருந்தும் எனக்குக் கேட்கவில்லை. அவள் சொன்னது மட்டும் கேட்டது.

"சரி. ஆனா ஓட்டுறது நான்தான்."

பெட்டியில் இருந்தவை இரண்டே கேக். எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.