டார்லா வீட்டு வியாழக்கிழமை

டார்லா ஹெய்க்கினென் வீட்டுக்குள் 1990 நவம்பர் பதினைந்து, வியாழக்கிழமை பிற்பகல், இன்னும் முடியவில்லை. வெளியே பனி கொட்டும், உருகும், கொசு வரும், தேர்தல் வரும். உள்ளே அதே மங்கிய வெயில் சமையலறை மேசையில் கிடக்கும். அடுப்பில் இறைச்சியும் கிழங்கும் பொதிந்த பாஸ்டி அரைவேக்காட்டில் இருக்கும். மின்சாரக்காரர்கள் ஓடாத மீட்டரை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டார்கள்.

அந்த மாதம் முதல் தேதிதான் நீதிபதி, டார்லாவுக்கும் அவளுடைய நான்கு வயது மகள் ஷெல்பிக்கும் இனி எந்த உறவும் கிடையாது என்று தீர்ப்பு எழுதினார். டார்லா குடித்தது உண்மை. ஒரு வருடம் முன்பே அதை விட்டுவிட்டதும் உண்மை. ஆனால் முதல் உண்மைக்குத்தான் சாட்சிகள் வரிசையில் நின்றார்கள். மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் கெடு. மனுவில் தாயும் கையெழுத்திட வேண்டும், வக்கீலும் இட வேண்டும். அவள் அன்றைக்கே போட்டுக் கொடுத்தாள். அரசு அமர்த்திய வக்கீல் பெர்க்விஸ்ட், "கடைசி நாள் வரைக்கும் டைம் இருக்கும்மா, நிம்மதியாப் போய்த் தூங்கு" என்றார்.

கடைசி நாள், மான் வேட்டை தொடங்கும் நாள். எங்கள் மாவட்டத்தில் அன்று பள்ளிக்கூடம் கிடையாது, கல்யாணம் கிடையாது, சாகக் கிடப்பவர்கள்கூட ஒரு நாள் தள்ளிப்போடுவார்கள். பெர்க்விஸ்ட் விடியுமுன்பே காட்டுக்குப் போய், மானுக்குக் காத்திருக்க மரத்தில் ஏறிவிட்டார். டார்லா பாஸ்டியை அடுப்பில் வைத்த கையோடு, அவர் அலுவலகத்தில் கிடந்த மனுவை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு மரமாக அண்ணாந்து கூப்பிட்டபடி காடெல்லாம் அலைந்தாள்.

"கத்தாதம்மா, மான் ஓடிடும்" என்றது ஒரு மரத்தின் உச்சி.

"ஓடட்டும் சார். எம் பொண்ணு போயிடுவா. இறங்கி வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் ஏறிக்குங்க."

துப்பாக்கிக் கட்டையின் மேல் தாளை வைத்து அவர் கையெழுத்திட்டார். அவள் நீதிமன்றத்துக்கு ஓடி வந்தபோது கதவு பூட்டியிருந்தது. வேட்டை நாளில் நண்பகலோடு மூடிவிடுவது வழக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், பதற்றத்தில் மறந்துபோனாள். மறுநாள் காலை எழுத்தர் ஜெனீவ் டூபே மனுவில் பதினாறு என்று முத்திரை குத்தினாள்.

"நேத்தே வந்திருக்கணும்டி."

"வந்தேன். பூட்டிக் கிடந்துச்சு."

"வேட்டை நாளுன்னா பூட்டத்தானே செய்வோம். இது உனக்குப் புதுசா?"

மேல் நீதிமன்றம் மூன்று வரியில் பதில் எழுதியது: சட்டத்தின் விடுமுறைப் பட்டியலில் வேட்டை நாள் இல்லை, ஆகவே அலுவலகம் திறந்திருந்தது, ஆகவே மனு ஒரு நாள் தாமதம். பூட்டு அவர்கள் கணக்கில் வரவில்லை. இதை எழுதிய கைகள் அன்று மதியமும் வயிறாரச் சாப்பிட்டிருக்கும்.

அதைப் படித்துவிட்டு டார்லா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே வியாழக்கிழமை காத்திருந்தது. சட்டத்தின் கணக்கில் திறந்தே இருந்த அலுவலகம் மூடுகிறவரை அந்தப் பிற்பகல் எப்படி முடியும் என்பது ஊரின் விளக்கம். மனசாட்சி உறுத்தி டூபே ஒருநாள் முத்திரையோடு அந்த வீட்டுக்கே போய் மனுவில் பதினைந்து என்று குத்திக் கொடுத்தாள். டார்லா அதோடு வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் அந்த மை வெளியுலகின் அன்றைய தேதியாக மாறிவிட்டது. அதன் பிறகு அவள் வெளியே வரவில்லை. வெளியே அவள் யாருக்கும் அம்மா இல்லை. உள்ளே கெடு முடியாததால், சட்டப்படியும் அம்மாதான்.

வேறொரு குடும்பத்தின் பெயரோடு வளர்ந்த ஷெல்பி, விசாரித்து விசாரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கதவைத் தட்டினாள். அப்போது இருவருக்கும் வயது இருபத்தெட்டு.

"நீங்க டார்லாவா?"

"வெளிய ஏன் நிக்கிற, குளிருது. பூட்ஸைக் கழட்டிட்டு வா. பாஸ்டி இப்ப வெந்துடும், இருந்து சாப்பிட்டுப் போ."

அது வேகாது என்று ஊரில் எல்லோரும் ஷெல்பியிடம் சொல்லியிருந்தார்கள். அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டு மேசையருகே உட்கார்ந்தாள். "இருக்கேம்மா" என்றாள்.

இப்போது அவளுக்கு டார்லாவைவிட வயது கூடிவிட்டது. ஞாயிறுதோறும் வருகிறாள், வெளியே இருட்டும் வரை மகளாக இருந்துவிட்டு, வாசலைத் தாண்டி வேறொருவர் மகளாகக் காரில் ஏறுகிறாள். ஊரில் யாரும் இதை நின்று பார்ப்பதில்லை. நீதிமன்ற அலுவலகம் வேட்டை நாளில் இன்றும் நண்பகலோடு மூடுகிறது.